சுவாமிக்கு விட்ட நீர்

வாருங்கள், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி. விசாரணைக்கு வந்த இடத்தில் ஒரு வாய் மோரும் குடிக்கக் கூடாதென்று உங்களுக்கு விதி இருக்கலாம். இந்த வீட்டு மோரைக் குடித்து எவரும் நீதி தவறியதில்லை. ஆனாலும் வற்புறுத்த மாட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் பொய் பேச மாட்டேன். எழுபத்து நான்கு வயதாகிறது. விடியலில் நீராடி, நீறணிந்து, பாராயணம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்த நாவுக்குப் பொய் வராது. அதே நாவினால் சொல்கிறேன்: முப்பிடாதியின் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது உங்களை அனுப்பியிருக்கிறாள்.

அவள் அனுப்பவில்லை, மின்வாரியம் அனுப்பியது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

என்ன சொல்லி அனுப்பினார்கள்? நானே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். கிணறு என் தகப்பனார் காந்திமதிநாதன் பெயரில் இருக்கிறது. பம்புசெட் இணைப்பும் அவர் பெயரில் இருக்கிறது. முப்பிடாதி அந்தக் கிணற்றில் தனக்குப் பங்கு உண்டென்றும், தனி மோட்டார் வைக்கத் தனி இணைப்பு வேண்டுமென்றும் மனுச் செய்திருக்கிறாள். அவளிடம் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையென்றால் மற்றப் பங்குதாரன் அவளுடைய பங்கை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பட்டியலில் அவள் முறை வந்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் ஒன்றும் கொடாவிட்டால் பின்னுக்குப் போய்விடும். பிறகு எத்தனை வருடமோ. இவ்வளவுதானே? பார்த்தீர்களா, உங்கள் அலுவலகத்துக் காகிதம் என்னிடம் வருமுன் செய்தி வந்துவிடும்.

பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். அதென்ன கேள்வி? உண்டு. நாலில் ஒரு பங்கு உண்டு. இல்லையென்று நான் எங்கே சொன்னேன்? எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள்.

அந்தக் கிணறு வெட்டியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டு அடியில் பாறை வந்துவிட்டது. வெட்ட வந்த ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். உய்க்காட்டான் மட்டும் நின்றான். அவன் முப்பிடாதியின் மாமனார். அவனும் அவன் தம்பியும் இரண்டு கோடை, வெடி வைத்துக் கல் சுமந்தார்கள். தம்பிக்கு ஒரு கண் போயிற்று. கூலி கொடுக்கத் தகப்பனாரிடம் அப்போது வசதி இல்லை. ஊற்றுக் கண்ட அன்று, சுவாமி சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, ஊரார் முன்னிலையில், "நாலில் ஒரு பங்கு நீர் உய்க்காட்டான் வகையறாவுக்கு, சந்திரசூரியர் உள்ளவரை" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கற்பூரத்தைத் தொட்டுச் சொன்ன சொல்லுக்குப் பத்திரம் எதற்கு? அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது போதும்.

அன்றுமுதல் நான்கு நாளைக்கு ஒரு சுற்று. மூன்று நாள் எங்களுக்கு, நான்காம் நாள் அவர்களுக்கு. மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்திலும் அதுதான், மோட்டார் வைத்த பிறகும் அதுதான். அறுபத்திரண்டு வருடம். ஒரு சுற்று தவறியதில்லை. எழுதினீர்களா?

பிறகு ஏன் கையெழுத்து மறுக்கிறேன் என்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இளவயது என்பதால் அவசரப்படுகிறீர்கள்.

எனக்கொரு நந்தவனம் இருக்கிறது. நான்கு சென்ட். அரளியும் நந்தியாவட்டையும் வைத்திருக்கிறேன். சுவாமிக்கு அன்றாடம் மாலை என் கையால் தொடுத்துக் கொடுக்கிறேன், நாற்பது வருடமாக. அந்த நந்தவனத்துக்கு நீர் வேண்டாமா? எட்டு வருடத்துக்கு முன், ஒரு நாள் பூசை முடிந்து எழும்போது மனத்தில் ஒன்று உதித்தது. கிணற்று நீரில் எனக்கு ஒரு முறை உண்டு, முப்பிடாதிக்கு ஒரு முறை உண்டு, சுவாமிக்கு எங்கே முறை? உடல் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலம் எப்படி மறந்திருந்தோம்! அன்றே முடிவு செய்தேன். நான்காம் நாள் உதயம் முதல் உச்சிவரை சுவாமியின் முறை. உச்சிக்கு மேல் முப்பிடாதி எடுத்துக்கொள்ளட்டும்.

நான்காம் நாள் அவளுடையதல்லவா என்கிறீர்கள். ஆம். என் மூன்று நாளில் எப்படிக் கை வைப்பது? தகப்பனார் என் நிலத்தின் அளவுக்குக் கணித்த மூன்று நாள் அது. நெல்லும் வாழையும் அதைக் கொண்டுதான் இருக்கின்றன. அவளுக்கு முக்கால் ஏக்கர். அதற்கு ஒரு முழு நாள் எதற்கு? மேலும் அந்தப் புண்ணியம் அவள் கணக்கில் அல்லவா சேர்கிறது! என் நீரைக் கொடுத்திருந்தால் புண்ணியம் எனக்கு. அவள் நீரைக் கொடுத்ததால் அவளுக்கு. அதை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

அவள் புருஷன் கருத்தப்பாண்டி அப்போது இருந்தானா என்கிறீர்களா? இல்லை, அவன் இறந்து ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகியிருந்தது. அவன் இருந்தவரை இந்த எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. எதை எப்போது தோன்றச் செய்ய வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். கருத்தப்பாண்டிக்கு அல்ல, இறைவனுக்கு.

உச்சிக்கு மேல் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் இருக்குமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அந்த வாரியத்துக்காரர், உங்களுக்குத் தெரியாததா? காலையில் ஒழுங்காக வரும். பிற்பகலில் வரும், போகும். இரவில் வரும். அது உங்கள் குற்றம். என் மேல் எழுதாதீர்கள்.

ஒரு நாள் காலையில் மோட்டார் கொட்டகைக்கு வந்து நின்றாள். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். "பெரியய்யா, நாலு சென்டுப் பூச்செடிக்கு அரை நாள் தண்ணியா?" என்றாள்.

"ஏட்டி, சுவாமிக்கு விடும் நீரை அளந்தா விடுவது?" என்றேன்.

"அளக்க வேண்டாம்யா. வாய்க்காலைப் பின்னாலேயே நடந்து பாத்தேன். சாமி தோட்டம் அரை மணியில ரொம்பிப் போவுது. பொறவு தண்ணி நேரா உங்க வாழைக்குள்ள எறங்குது. சாமிக்கு வாழைக்கா இம்புட்டுப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

என்ன நாக்கு பார்த்தீர்களா! நான் கோபப்படவில்லை. கோபம் என் வழக்கமில்லை. நிதானமாகச் சொன்னேன்: சுவாமிக்கென்று திறந்த நீரை நடுவில் நிறுத்துவது அபசாரம். உச்சிவரை ஓட வேண்டும். நந்தவனம் நிறைந்து வழிவது பள்ளத்தை நோக்கித்தான் போகும். பள்ளத்தில் என் வாழை இருக்கிறது. பள்ளம் நான் வெட்டியதா? அந்த வாழை பிரசாதத்தை உண்கிறது. பிரசாதத்தை யார் உண்டால் என்ன?

"அப்ப அந்தப் பெரசாதத்தை ஒரு நாளு என் பக்கமும் திருப்பி விடுங்களேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளோடு வந்த மகள்கள் இருவரும் சிரித்தார்கள். மடை மாற்ற வந்திருந்த என் ஆளும் சிரித்தான். அவனை அந்த வாரமே நிறுத்திவிட்டேன்.

எழுதுகிறீர்களா? வாழைக்குப் போனதையுமா? எழுதுங்கள். எனக்கென்ன மறைக்க இருக்கிறது?

இப்போது கேளுங்கள், என் குறை என்னவென்று. அத்தோடு அடங்கியிருந்தால் எனக்கொன்றுமில்லை. அரை நாள் நீரை வைத்து அரை வயிற்றுக் கம்பு விளைத்துக்கொண்டு, நடவுக்கும் களைக்கும் என் வயலுக்கு வந்துகொண்டு, அவள் மாமியார் எப்படி இருந்தாளோ அப்படி இருந்திருக்கலாம். தாயும் மகள்களுமாக மூன்று பேர், நடவுக்கு அவர்களைப் போல் கை கிடையாது. வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் நிலத்து மேட்டில் குழி தோண்டினாள். மூவரும் சேர்ந்து ஒரு பங்குனி முழுக்கத் தோண்டினார்கள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். யானைக்குக் குழியா என்று கேட்டேன். குழிக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இரவில் மின்சாரம் வரும்போது கிடைக்கும் நீரை அதில் தேக்கினாள். அதிலிருந்து கருப்புக் குழாய்கள், செடிக்குச் செடி ஒரு சொட்டு. சொட்டுநீர்ப் பாசனம் என்று அரசாங்கம் மானியம் கொடுக்கிறதே, அது. பிச்சிப்பூ வைத்தாள். ஓரத்தில் கத்தரி.

நான் அவளிடம் நேரிலேயே சொன்னேன். "இதென்னடி கஞ்சத்தனம்? இறைவன் மழையைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்தா விடுகிறான்? பூமித்தாய் வயிறாரக் குடிக்க வேண்டாமா?"

"வயிறாரக் குடுக்கத்தான்யா ஆசை. நீங்க குடுத்த அரை நாளுக்கு இதுக்கு மேல நீளலை" என்றாள்.

பிச்சி பூத்தது. விடியுமுன் பறித்து, முதல் பேருந்தில் பூச்சந்தைக்கு அனுப்புகிறாள். அன்றாடம் கையில் காசு. நெல் எனக்கு வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கும், அதுவும் கொடுத்தால். இவளுக்கு அன்றாடம். இரண்டாம் வருடம் கூரையைப் பிரித்துத் தளம் போட்டாள். மூத்தவள் செவிலியர் படிப்புக்குப் போனாள். மானியத்தில் வந்த குழாய் என்று சொல்கிறார்கள். என் வரிப்பணம் அல்லவா அது?

எனக்கு வரி இல்லை என்கிறீர்கள். விவசாயிக்கு வரி இல்லைதான். சொல்லுக்குச் சொன்னேன்.

போன ஆவணியில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. நானே போய் நிற்பது முறையல்லவென்று என் இல்லாள் உலகம்மாளை முப்பிடாதியிடம் அனுப்பினேன். அவளும் போய்க் கேட்டிருக்கிறாள். முப்பிடாதி பாய் விரித்து உட்கார வைத்து, காப்பி கொடுத்து, என்ன சொன்னாளாம்? "அக்கா, நாங்க நடவுக்குப் போறதை விட்டு ரெண்டு வருசமாச்சே. பூப்பறிக்க எனக்கே ரெண்டு ஆளு வருது. அவளுவகிட்டக் கேட்டுப் பாக்கேன், உங்க வயலுக்கு வாராளுவளான்னு."

தன் ஆட்களை எனக்கு அனுப்புகிறாளாம்! உய்க்காட்டான் வீட்டுப் பெண் எனக்கு ஆள் அனுப்புகிறாள்! இதைக் கொண்டுவந்து உலகம்மாள் என்னிடம் சிரித்த முகத்தோடு சொல்கிறாள். மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. வந்த ஆட்களோ முப்பிடாதி கொடுக்கும் கூலியைக் கேட்டார்கள். அவள் தேநீரும் வடையும் கொடுக்கிறாளாம், அதையும் கேட்டார்கள். நாற்று முற்றிப்போய் நட்டேன். பாதி பதர். மேற்கே இருந்த ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டேன். யார் வாங்கியது என்று கேட்காதீர்கள்.

அவள்தான். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றேனே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பந்து பிச்சிப்பூவைக் கோயிலில் கொடுக்கிறாள். காசு வாங்குவதில்லையாம். என் நந்தவனத்தில் இப்போது அரளி அவ்வளவாகப் பூப்பதில்லை. நீர் அங்கே தங்குவதில்லை, வாழைக்கு இறங்கிவிடுகிறது. அர்ச்சகர் இளைஞர், அந்தப் பிச்சியை வாங்கிச் சாத்திவிடுகிறார். நான் கேட்டேன். "பெரியவரே, சுவாமிக்கு நல்ல வாசனை பிடிக்கிறது, நான் என்ன செய்ய" என்கிறார். சுவாமி பொறுத்துக்கொள்கிறார். அவர் எதைத்தான் பொறுக்கவில்லை?

இந்தக் கோடைக்கு வருகிறேன். கிணறு இறங்கிவிட்டது. காலையில் நான்கு மணி நேரம் இறைத்தால் தரை தெரிகிறது, ஊற மறுநாளாகும். அப்படியானால் நான்காம் நாள் என்ன ஆகும்? காலையில் சுவாமியின் முறை முடியும்போது நீர் முடிந்துவிடும். உச்சிக்கு மேல் அவளுக்குச் சேறு. சித்திரையில் மூன்று சுற்று அப்படிப் போயிற்று. அவள் குழி வற்றி, பிச்சி மொட்டோடு கருகத் தொடங்கியது. இளையவளுக்குப் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், செடி போனால் எல்லாம் போகும் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான்காவது சுற்று அன்று விடியுமுன் மகள்களோடு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கையில் அந்த விண்ணப்பம். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பெரியய்யா, உங்க தண்ணி எனக்கு வேண்டாம். சாமி தண்ணியும் வேண்டாம். எங்க மாமன் கல்லு சொமந்த பங்கு, அதை நானே எறைச்சுக்கிடுதேன். எனக்குத் தனி மோட்டார் இருந்தா உங்க இடுப்புச் சாவியை எதிர்பாத்து நிக்க வேண்டாம். இதுல ஒரு கையெழுத்து."

"பங்கு உண்டு. கையெழுத்து இல்லை" என்றேன்.

"ஏன்யா?"

"வைகாசி போனால் ஆனி பிறக்கும். நடவு வரும். நீயும் உன் மகள்களும் என் வயலில் இறங்குவதாகச் சொல். இப்போதே போடுகிறேன்."

அவள் விண்ணப்பத்தை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "ஏ பிள்ளைகளா, எந்திரிங்க. ஐயாவுக்குத் தண்ணி பிரச்சினை இல்ல. நாம குனிஞ்சு நிக்கிறதைப் பாக்கணும், அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றும் நான் சுவாமியின் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. உச்சிவரை ஓடியது.

அன்றிரவு உலகம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "கையெழுத்தைப் போட்டுத் தொலைங்களேன். அவ வயித்தெரிச்சலை வாங்கிக்கிட்டு என்ன பாராயணம்?" என்றாள். பாதியில் எழுந்துவிட்டேன். மனைவியே இப்படிப் பேசும் காலத்தில் வாழ்கிறேன் ஐயா.

இவ்வளவுதான் என் குறை. அவள் மேல் எனக்குப் பகை இல்லை. அவள் பிழைக்கக் கூடாதென்று நான் நினைத்ததில்லை. பிழைக்கட்டும். ஆனால் பிழைப்புக்கொரு அளவு உண்டு. ஒரு வீட்டில் விளக்கு எரிவது தவறில்லை. நம் முற்றம்வரை அந்த வெளிச்சம் வந்து விழுந்தால்?

சரி, எழுதியதைப் படியுங்கள், கேட்கிறேன். மெதுவாகப் படியுங்கள்.

"மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கு உய்க்காட்டான் வகையறாவுக்குச் சேர்ந்தது என்பதையும், அவர்கள் அறுபத்திரண்டு ஆண்டுகளாக இடைவிடாது முறை நீர் அனுபவித்து வருவதையும் நான் அறிவேன்." ஆம். "இது என் முன்னிலையில் என் தகப்பனாரால் கோயிலில் உறுதி செய்யப்பட்டது." ஆம், கற்பூரம் என்பதையும் சேருங்கள். சேர்த்தீர்களா? நல்லது. "கடந்த எட்டு ஆண்டுகளாக அவர்களுடைய முறையில் பாதி, நந்தவனத்தின் பெயரால் என் வாழைத் தோட்டத்துக்குப் பாய்ந்துவருகிறது." பெயரால் என்பது எதற்கு? சரி, நந்தவனத்தின் வழியாக என்று போடுங்கள். அதுதான் உண்மை. ம், மேலே. "தனி இணைப்புக்கு நான் கையெழுத்து மறுப்பது கிணற்றில் முப்பிடாதியின் பங்கை மறுப்பதால் அன்று, அவர் என் வயலுக்கு வேலைக்கு வராததால்."

அருமை. இதைத்தான் இத்தனை நாளாக ஊரில் ஒருவனுக்கும் என்னால் விளங்க வைக்க முடியவில்லை. நீங்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். இளவயதென்று குறைவாக நினைத்துவிட்டேன்.

இதிலா? இதில் போடாமல் என்ன? இது அவள் விண்ணப்பம் இல்லையே, என் வாக்குமூலம். நான் சொன்ன சொல்லுக்கு நான் கையெழுத்திட மறுத்தால் என்னைப் பொய்யனென்றல்லவா ஊர் சொல்லும்? எத்தனை பக்கம்? மூன்றா? மூன்றிலும் போடுகிறேன். கொடுங்கள் பேனாவை. கா. ஆவுடைநாயகம். கீழே தேதியும் போடுகிறேன். முழுப் பெயரும் தெளிவாகத் தெரிகிறதா? என் கையெழுத்தில் ஒருபோதும் குழப்பம் இராது.

முத்திரையும் வைத்துவிட்டீர்களா? அவ்வளவு அவசரம் என்ன? கொஞ்சம் இருந்து மோர் குடித்துவிட்டுப் போகலாமே. விசாரணைதான் முடிந்துவிட்டதே.

ஏன் எழுந்துகொண்டீர்கள்? ஐயா, செருப்பு இந்தப் பக்கம். பார்த்துப் போங்கள், படி உயரம்.

அந்தப் பக்கம் இல்லை, பேருந்து நிற்குமிடம் கிழக்கே. ஐயா, உங்களைத்தான். அது முப்பிடாதி தோட்டத்துக்குப் போகும் வரப்பு. அங்கே உங்களுக்கு என்ன வேலை?

ஐயா! அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் கொடுங்கள். நான் இன்னொரு முறை படிக்க வேண்டும்.